அறைக்கு வெளியே ஒருத்தி

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. கருங்கல் சந்தைப் பக்கம் ரப்பர் ஷீட் கடை வைத்திருந்த ஜான்ரோஸின் மூத்த மகள் ஜாஸ்பின் எப்படி என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். "அவளா? அவளுக்க வாயில போய் விழுந்திராதயும்" என்றுதான் பதில் வரும். அந்த வாயால் நன்றி சொல்வது எனக்குப் பழக்கமில்லாத வேலை. ஆனாலும் மூன்று பேருக்குச் சொல்லியே ஆகவேண்டும்.

சென்னையில் இருக்கும் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் நான் வேலை பார்க்கிறேன். பார்சல் சர்வீஸ்காரர்களுக்கு வேண்டிய சாஃப்ட்வேரைச் செய்து கொடுப்போம். ஒரு மூட்டையோ கூடையோ புக்கிங் ஆனால் அதில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அது எந்த லாரியில் ஏறவேண்டும், எந்த ஊரில் இறங்கவேண்டும் என்பதை அந்த ஸ்டிக்கர் சொல்லவேண்டும். அதைச் சொல்ல வைப்பதுதான் எங்கள் பிழைப்பு. எங்கள் டீமில் நாலு பேர். தலைவி சண்முகவடிவு, தென்காசிக்காரர். எல்லோருக்கும் வடிவக்கா. அடுத்தது இசக்கி, பாளையங்கோட்டை. எல்லோரிலும் இளையவன் எபின், நாகர்கோவில் வடசேரி. நாலாவது நான். கம்பெனியை நடத்துகிற வைகுண்டராஜன் சாரே எங்கள் மாவட்டத்துக்காரர்தான் என்பதால் ஆபீசில் தெக்கத்திப் பேச்சுக்குப் பஞ்சமில்லை.

கொரோனா காலத்தில் எல்லோரும் அவரவர் ஊருக்குப் போனோம். நான் கருங்கலுக்கு வந்தேன். வந்த இடத்தில் அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை என்று சொல்லிவிட்டார்கள். வாரத்தில் மூன்று நாள் மார்த்தாண்டத்துக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். அம்மா இல்லை. தங்கச்சி பெமிலாவைக் களியக்காவிளையில் கட்டிக் கொடுத்திருக்கிறது. அவளுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். ஆக அப்பாவுக்கு நான், எனக்கு இந்த வேலை. வேலை போனால் டயாலிசிஸ் நின்றுபோகும். வேலைக்காகச் சென்னைக்குப் போனாலும் டயாலிசிஸ் நின்றுபோகும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு லேப்டாப்பை வைத்துக்கொண்டு நான் ஓடிக்கொண்டிருந்தேன்.

வீட்டிலிருந்தே எல்லோரும் வேலை பார்த்த நாட்களில் ஒரு கஷ்டமும் இல்லை. காலையில் மீட்டிங். திரையில் நாலு கட்டம், நாலு முகம். இசக்கி வீட்டுக் குக்கர் சத்தமும் எங்கள் வீட்டு வாசலில் மீன்காரர் அடிக்கிற ஹார்னும் எல்லோருக்கும் கேட்கும். அப்பா என் பின்னால் வந்து எட்டிப் பார்ப்பார்.

"ஏட்டி, பெட்டிக்குள்ள இருக்கவங்க எல்லாரும் சாப்பிட்டாச்சா?"

"அப்பா, மீட்டிங் நடக்குவு. சும்மா போரும்."

"நான் உன்கிட்டயா கேட்டேன்? வடிவு மோளே, சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் அப்பா. நீங்க மரச்சீனிக் கிழங்கு தின்னீங்களாமே, ஜாஸ்பின் சொன்னா. அது உங்களுக்கு ஆகாதுல்லா" என்பார் வடிவக்கா. அப்பா என்னை முறைத்துவிட்டு உள்ளே போவார். காட்டிக்கொடுத்த பாவம் எனக்கு.

பிறகு எல்லோரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். வடிவக்கா தாம்பரத்தில் வீடு பார்த்தார். இசக்கியும் எபினும் ரூம் எடுத்தார்கள். எனக்கு மட்டும் அப்பாவின் மருத்துவச் சீட்டைப் பார்த்துவிட்டு வீட்டிலிருந்தே செய்ய அனுமதி கிடைத்தது. அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதில் என்ன வில்லங்கம் இருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

ஆபீசில் கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு மீட்டிங் அறை. நடுவில் நீள மேசை, சுவரில் பெரிய டிவி, மேசைமேல் தோசைக்கல் போல ஒரு மைக். அவர்கள் மூன்று பேரும் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். டிவியில் நான் மட்டும், ஆள் உயரத்துக்கு. பார்க்க எனக்குத்தான் பெரிய மரியாதை போலிருக்கும். ஆனால் அவர்கள் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி எனக்கு வந்து சேரும். அந்த மைக்குக்கு வேறு ஒரு குணம் இருந்தது. அறைக்குள் யாராவது பேசினால், வெளியிலிருந்து வருகிற குரலை அமுக்கிவிடும். நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்குவேன், இசக்கி இருமுவான், என் வாக்கியம் செத்துப்போகும். அவர்கள் எதற்கோ சிரிப்பார்கள். என்ன என்று கேட்பேன். "ஒண்ணுமில்ல அக்கா, சும்மா" என்பான் எபின். ஒன்றுமில்லாததற்கு மூன்று பேர் சிரிப்பார்களா?

அதைவிட மோசம் டீக்கடை. மீட்டிங்கில் பாதியில் நிற்கிற விஷயம் ஆபீசுக்குக் கீழே இருக்கிற டீக்கடையில் முடிவாகிவிடும். வேண்டுமென்று யாரும் செய்வதில்லை. கையில் டீ இருந்தால் பேச்சு வரும், பேச்சு வந்தால் முடிவும் வரும். எனக்கு மட்டும் மறுநாள்தான் தெரியும், சிலசமயம் அதுவும் தெரியாது.

அப்படி ஒரு டீக்கடை முடிவுதான் ஓணச் சமயத்தில் எங்களைக் கவிழ்த்தது.

தென்முனை பார்சல் சர்வீஸ் என்று எங்களுக்கு ஒரு பெரிய வாடிக்கையாளர். தோவாளையில் அவர்களுக்கு ஒரு கிளை உண்டு. பூச்சந்தையிலிருந்து கேரளாவுக்குப் போகிற கூடைகளில் பாதி அவர்கள் லாரியில்தான் போகும். அவர்களுக்குப் புது வெர்ஷன் போடவேண்டியிருந்தது. புதிதாகப் போட்டால் முதல் ஒன்றிரண்டு நாள் ஏதாவது கோளாறு வரத்தான் செய்யும். அதனால் லோடு குறைவான நாள் பார்த்துத்தான் போடுவோம். ஓணம் அடுத்த வாரம், அதற்கு முந்தி இந்த வெள்ளிக்கிழமையே போட்டுவிட்டால் சரிசெய்ய நாள் கிடைக்கும் என்று இசக்கி சொன்னான்.

நான் டிவிக்குள் இருந்து கத்தினேன். ஓணம் ஒருநாள் சங்கதி இல்லை. அத்தம் நட்சத்திரம் பிறந்த நாளிலிருந்து திருவோணம் வரைக்கும் கேரளாவில் வீட்டுக்கு வீடு முற்றத்தில் பூக்களம் போடுவார்கள். அந்தப் பத்து நாளும் தோவாளையில் கால் வைக்க இடமிருக்காது. கேரள எல்லையான களியக்காவிளையில் பூ லாரி வரிசை நின்று, பெமிலாவின் பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போகப் பிந்தும். எங்கள் மேற்குப் பக்கத்தில் இது பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் தென்காசிக்கும் பாளையங்கோட்டைக்கும் ஓணம் என்பது காலண்டரில் ஒரு கட்டம். வடசேரிக்கார எபினுக்கே அது கலெக்டர் ஸ்கூலுக்கு லீவு விடுகிற அந்த ஒருநாள்தான்.

"ஜாஸ்பின் அக்கா என்னமோ சொல்லுதாவ" என்று எபின் குரல் கேட்டது.

"லைன் விட்டு விட்டு வருது. மெசேஜ் போடுவா" என்றது வடிவக்கா குரல்.

மெசேஜும் போட்டேன். விவரமாக, அத்தம் என்றைக்குத் தொடங்கியது என்பது முதல் எழுதினேன். அவர்கள் போனை மேசையில் வைத்துவிட்டு டீக்கடைக்குப் போயிருந்தார்கள். டீக்கடையில் வெள்ளிக்கிழமை என்று முடிவாகிவிட்டது. திரும்பி வந்தபோது என் மெசேஜின் மேல் வேறு இருபது மெசேஜ் ஏறிக் கிடந்தது.

வெள்ளிக்கிழமை போட்டார்கள். சின்ன ஊர்களின் பெயர் ஸ்டிக்கரில் விழவில்லை. நெய்யாற்றின்கரைக்கும் ஆற்றிங்கலுக்கும் போகவேண்டிய கிரேந்தியும் வாடாமல்லியும் சம்பங்கியும் கூடை கூடையாகத் திருவனந்தபுரம் குடோனில் இறங்கிப் புழுங்கிக் கிடந்தன. தோவாளைக் கிளையின் புக்கிங்கைப் பார்க்கிற ஆன்ட்ரூஸ் அண்ணன் எனக்குத்தான் போன் போட்டார்.

"அத்தம் தொடங்கின பொறவு இதுல கை வச்ச புத்திசாலி யாருட்டி? மூணு நாளு வாடாதது வாடாமல்லி ஒண்ணுதான். மத்தத நானா தின்ன?"

அந்த ஏச்சை நான் வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை வைகுண்டராஜன் சார் என்னைத் தனியாக வீடியோவில் கூப்பிட்டார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் அன்றைக்கு அவர் சொன்ன நியாயம் இருக்கிறதே, அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"உங்க மெசேஜ் பாத்தேன். தப்பு உங்க பேர்ல இல்ல, மக்கா. நீங்க சரியாத்தான் சொல்லியிருக்கியோ. ஆனா நீங்க அந்த ரூமுக்குள்ள இருந்திருந்தா இது நடந்திருக்காது, அல்லியா? ஒரு ஆளு வெளிய இருந்தா டீம் ஓடாது. அதனால நீங்க சென்னைக்கு வந்திரணும்."

"சார், எனக்க பேச்சு ரூமுக்குக் கேக்கல்லன்னா ரூமத்தான மாத்தணும்? எதுக்கு என்ன மாத்துதியோ?"

"வர முடியல்லன்னா சொல்லுங்க. வேற ஆள் பாக்கணும். வேற வழி எனக்குத் தெரியல்ல."

அதற்குமேல் நான் பேசியதை எழுத முடியாது. வடிவக்கா நடுவில் புகுந்து வருஷக் கடைசி வரைக்கும் தவணை வாங்கினார் என்று பிறகு தெரிந்தது. அதுவரை ஒரு லோடும் மாறிப் போகாமல் இருந்தால் பார்க்கலாம் என்று சார் சொல்லியிருக்கிறார். அதைச் சொல்ல வடிவக்கா கூப்பிட்டபோது அவர்மேலும் பாய்ந்தேன்.

"எனக்காவ யாரும் யாருக்க காலிலயும் விழாண்டாம் அக்கா. பரிதாவம் பாத்து எனக்கு ஒண்ணும் செய்யாண்டாம். அப்பிடி ஒரு வேலை எனக்கு வேண்டவே வேண்டாம்."

"சரி புள்ள. யாரும் பரிதாபப்படல்ல. கோவத்த எறக்கிட்டு சாப்பிடு" என்று வைத்துவிட்டார்.

அன்று அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, "நாலு மணிக்கூறு மெசின்ல கிடக்கதுக்கு நீ எதுக்குட்டி வேலைய விடணும்? ஒரு ஆட்டோவப் பிடிச்சு நானே போவேன். நீ மெட்ராசுக்குப் போ" என்றார். மெசினிலிருந்து இறங்கும்போது அவருக்குத் தலை சுற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பார். அந்த மனுஷர் ஆட்டோ பிடித்து வருவாராம்.

ஓணம் கழிந்த திங்கட்கிழமை காலை மீட்டிங்கில் நுழைந்தேன். திரையில் மறுபடி நாலு கட்டம், நாலு முகம். பழையபடி. ஆளாளுக்கு ஹெட்போன் மாட்டியிருந்தார்கள். பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாதபடி எல்லோருக்கும் மங்கலாக்கி விட்டிருந்தது. குரல் ஒவ்வொன்றும் பக்கத்தில் இருந்து பேசுவதுபோல் தெளிவாக வந்தது.

"என்னக்கா, புது மைக்கா?"

"ஆமா புள்ள. என்னமோ மாத்தியிருக்காவ" என்றார் வடிவக்கா.

எனக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை. ரூமை மாற்று என்று சொன்னேன் அல்லவா, மாற்றிவிட்டார்கள். அப்பாவிடம் போய், "நான் போட்ட சத்தத்துல கம்பெனி ஆளுக்கொரு அறையே கட்டிக் குடுத்துட்டு, கேட்டியளா" என்று பீற்றிக்கொண்டேன்.

"உனக்க சத்தத்துக்கு மதிலே இடிஞ்சு விழும். ரூமு கட்டினது அதிசயம்தான்" என்றார் அப்பா.

அறை மட்டும் மாறவில்லை. பேச்சும் மாறியிருந்தது. எதையாவது முடிவு செய்கிற நேரம் வந்தால் வடிவக்கா ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கேட்பார். கடைசி ஆள் சொல்லி முடிகிற வரைக்கும் முடிவு கிடையாது. என் பேர் வந்தால் மற்ற மூன்று பேரும் வாயைப் பூட்டிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த அமைதி முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது. டீக்கடையிலிருந்து திரும்பி வந்தால் இசக்கி ஒரு பிரசங்கம் வைப்பான்: "டீக்கடைல நானும் எபினும் இன்னது பேசினோம், அதுல இது ஒண்ணுதான் உருப்படி, இதுக்கு நீ என்ன சொல்லுத?" ஒருநாள் அவர்கள் சிரித்த நகைச்சுவையைக்கூட எபின் எனக்காகத் திரும்பச் சொன்னான். இரண்டாம் தடவை கேட்க அது நகைச்சுவையாகவே இல்லை. ஆனாலும் நான் சிரித்தேன். சந்தோஷத்தில் சிரித்தேன்.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை. ஆஸ்பத்திரி வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, கோளாறால் திரும்ப எடுத்துவிட்ட புது வெர்ஷனைச் சரிசெய்து, அதைத் தென்முனைக்காரர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். ஓணத்தில் சூடுபட்டவர்கள், கேள்வி மேல் கேள்வி. நடுவில் நர்ஸ் கதவைத் திறந்து, "ஜான்ரோஸுக்க ஆளு யாரு? பிரஷர் கொறையுவு, வாங்க" என்றார். நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. லேப்டாப்பை அப்படியே நாற்காலியில் வைத்துவிட்டு உள்ளே ஓடினேன். அப்பா முகம் வெளிறி, கண் செருகிக் கிடந்தார். காலை உயர்த்தி வைத்தார்கள், மெசினை மெதுவாக்கினார்கள், ஊசி போட்டார்கள். கண்ணைத் திறந்ததும், "பெட்டியில உள்ளவங்கள விட்டுட்டா வந்த? மரியாதையில்லாம" என்று என்னைத்தான் ஏசினார்.

நான் வராந்தாவுக்குத் திரும்பியபோது மீட்டிங் முடிந்திருந்தது. நர்ஸ் பேசியதை மைக் வழியாகக் கேட்ட இசக்கி, நான் நிறுத்திய வார்த்தையிலிருந்தே தொடங்கிப் பேசியிருக்கிறான். என்ன ஆயிற்று என்று கேட்கக்கூடத் தென்முனைக்காரர்களுக்கு அவன் இடம் விடவில்லையாம். அவனுக்கு என் பகுதி எப்படித் தெரியும்? இத்தனை நாளும் நான் பேசியபோது வாயைப் பூட்டிக்கொண்டு கேட்டிருக்கிறான் அல்லவா, அப்படித் தெரியும். என் போனில் ஒரே ஒரு மெசேஜ் கிடந்தது. "அப்பா எப்படி இருக்காங்க? மத்தது முடிஞ்சிட்டு." அந்த நாற்காலியில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். இவர்களைப் போய் நான் ஏசினேனே என்று இருந்தது.

புது வெர்ஷனை எப்போது போடுவது என்று இந்தத் தடவை என்னைத்தான் முதலில் கேட்டார்கள். சபரிமலை சீசன் தொடங்கும் முன் போடவேண்டும் என்றேன். போடுகிற அன்று விடியற்காலம் பஸ் ஏறித் தோவாளைக்குப் போனேன். போனை ஒரு கூடையின் மேல் சாய்த்து வைத்து, சந்தையை மூன்று பேருக்கும் காட்டினேன். எபின் ஒவ்வொரு ஸ்டிக்கராக அருகில் காட்டச் சொன்னான். ஒன்றில் ஆற்றிங்கல் என்று அடித்து வந்ததைப் பார்த்து ஆன்ட்ரூஸ் அண்ணன் போனுக்குள் எட்டிப் பார்த்து, "இப்பம் கொள்ளாம். இனி இதுல யாரும் கை வைக்காண்டாம்" என்றார். போனுக்குள் மூன்று பேரும் கைதட்டினார்கள். பூக்காரிகள் என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். அதற்குப் பிறகு கிறிஸ்மஸ் வரைக்கும் ஒரு கூடையும் தப்பான ஊரில் இறங்கவில்லை.

ஆனால் சார் ஒன்றும் சொல்லவில்லை. கிறிஸ்மஸ் கழிந்த வாரம் சென்னைக்கு நேரில் வரவேண்டும், பதினோரு மணிக்குப் பேசி முடிவு செய்வோம் என்று ஒரு மெயில் மட்டும் வந்தது. நல்ல செய்தியை யாராவது ராத்திரி முழுக்க ரயிலில் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்வார்களா? பெமிலா பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு அப்பாவுக்குத் துணைக்கு வந்தாள். செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ் முடித்து அவரை வீட்டில் விட்டுவிட்டு, குழித்துறையில் ரயிலேறினேன். கிளம்பும்போது அப்பா, "வேலை இல்லன்னு சொன்னா வாய் காட்டாண்டாம். கும்பிட்டுட்டு வா" என்றார்.

ரயில் நேரத்துக்கே போய்ச் சேர்ந்தது. காலை மீட்டிங்கை ஆட்டோவிலிருந்தே போனில் பிடித்துவிடலாம் என்று காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டேன். மீட்டிங் தொடங்கும்போது ஆபீஸ் வாசலிலேயே வந்து இறங்கிவிட்டேன். மைக்கையும் வீடியோவையும் அணைத்தபடி சேர்ந்துகொண்டேன், வந்ததை யாருக்கும் சொல்லவில்லை. நேரே போய் முன்னால் நிற்கலாம் என்று ஒரு சின்ன ஆசை.

கீழே செக்யூரிட்டி பேரும் டீமும் கேட்டார். சண்முகவடிவு டீம் என்றேன்.

"அப்ப லிஃப்ட்ல போகாதீங்க மேடம். படியில போங்க. அவங்க டீம் படியிலதான் இருப்பாங்க."

"படியிலயா?"

"ஆமா. மூணு மாசத்துக்கு மேல ஆகுது. மீட்டிங் ரூமுக்குள்ள போகவே மாட்டாங்க. ஊர்ல ஒரு அக்கா இருக்காங்களாம், அவங்களுக்குச் சரியா கேக்காதாம்."

அந்த அக்கா நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படியேறினேன்.

முதல் மாடித் திருப்பத்தில் தண்ணீர் கேன் அடுக்கி வைக்கிற ஒரு சின்ன அறை. கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே கவிழ்த்துப் போட்ட ஒரு பெட்டியின்மேல், எனக்கு முதுகைக் காட்டி, இசக்கி உட்கார்ந்திருந்தான். லேப்டாப் ஒரு கேனின் தலையில் இருந்தது. இரண்டாம் மாடியில் கரண்ட் மீட்டர்கள் இருக்கிற மூலையில் எபின் சுவரில் சாய்ந்து நின்றபடி, லேப்டாப்பை ஜன்னல் விளிம்பில் வைத்திருந்தான். அவன் முகமும் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. என் காதுக்குள் அவன் குரல், பக்கத்தில் இருப்பதுபோல் தெளிவாக, மங்களூர் லாரி பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. உண்மையிலேயே பக்கத்தில்தான் இருந்தான். ஆளுக்கொரு அறை கட்டிக் கொடுத்த கம்பெனியை நான் அங்கே பார்த்தேன்.

படியேறிப் பாதியில் நின்றேன். மேலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். வைகுண்டராஜன் சார். என்னைப் பார்த்ததும் விரலை உதட்டில் வைத்து, மேலே கண் காட்டினார். என் மைக் அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். அவர் தாழ்ந்த குரலில் பேசினார்.

"பக்கம் பக்கமா இருந்தா ஒருத்தர் குரலு இன்னொருத்தர் மைக்குல போய் கூவுது. ஹாலுல இருந்தா சேல்ஸ்காரனுவளுக்க சத்தம். அதனால ஆளுக்கொரு மூலையப் பிடிச்சாச்சு. வடிவுக்கு முட்டுவலி வேற. பக்கத்துல ஒரு சின்ன ரூம ஒழிச்சுத் தாறேன்னு சொன்னேன். அதுல ஃபேன் சத்தம் ஜாஸ்பினுக்குக் கேக்கும்னு வேண்டாம்னுட்டு."

"எனக்கு யாரும் சொல்லல்லியே சார்."

"சொன்னா நீங்க குதிப்பியளாம். பரிதாவம் வேண்டாம்னு சொன்னியளாமே." அவர் சிரிக்கவில்லை. "தினமும் காலைல நான் மேல இருக்க வடிவத் தாண்டித்தான் ஆபீசுக்குப் போறேன், மக்கா. ரூமு காலியாக் கெடக்கு. லோடு ஒண்ணு மாறிப் போகல்ல. ஒரு ஆளு வெளிய இருந்தா டீம் ஓடாதுன்னு நான் சொன்னது தப்பு. அத போன்ல சொல்ல மனசில்லாமத்தான் வரச் சொன்னேன். நீங்க கருங்கல்லயே இருந்து செய்யுங்க. யார் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிடுதேன். பதினோரு மணிக்கு ஒண்ணும் வேண்டாம். ராத்திரி வண்டிக்கு டிக்கெட் இருந்தா பாருங்க, நாளைக்கு அப்பாவுக்கு உண்டுல்லா."

வாய் காட்டாமல் கும்பிட்டேன். அப்பா பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார். சார் கீழே இறங்கிப் போனார்.

இப்போது வடிவக்காவின் குரல் எனக்கு இரண்டு தடவை கேட்டது. முதலில் மேல் படியிலிருந்து, பிறகு என் காதுக்குள். எட்டிப் பார்த்தேன். படியின் ஓரத்தில் பழைய போர்வையை மடித்துப் போட்டு, ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மேலேயிருந்து வந்த இரண்டு பையன்கள் அந்தக் காலைத் தாண்டி இறங்கினார்கள். அவர் அவர்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. முழங்காலைத் தேய்த்துக்கொண்டே திரையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். இந்த முகத்தைத்தான் இத்தனை மாதமும், தினமும் காலையில், சுகமாக ஏதோ ஓர் அறைக்குள் இருக்கிறதென்று நினைத்து நான் பார்த்தது.

"ஜாஸ்பின், உன் முறை புள்ள. சொல்லு."

மைக்கைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. நான் பேசாமல் இருப்பது என்றால் அது எங்கள் ஊரில் செய்தி. கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி முயன்றேன். அதுவும் நடக்கவில்லை.

"நெட்டு போயிருக்கும்" என்றான் இசக்கி.

"ஆஸ்பத்திரியில ஏதும்..." என்று எபின் பதறினான்.

"இன்னைக்கு டயாலிசிஸ் இல்ல. ரயில்ல வந்துகிட்டு இருப்பா, சிக்னல் இருக்காது" என்றார் வடிவக்கா.

"அப்ப மங்களூர் விஷயத்த நாமளே முடிச்சிருவமா? சின்ன விஷயந்தான்" என்று கேட்டான் இசக்கி.

மேல் படியில் வடிவக்கா குரல் எழும்பியதை ஹெட்செட்டுக்கு முன்னால் நேரிலேயே கேட்டேன்.

"வேண்டாம். அவ வரட்டும். அவ வாறது வரைக்கும் இப்படியே இருப்போம்."

தண்ணீர் கேன் அறையிலும் மீட்டர் மூலையிலும் மேல் படியிலும் மூன்று பேர் எனக்காகச் சும்மா காத்திருந்தார்கள். நான் ஹெட்செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மீதிப் படிகளை ஏறினேன்.